வசூல் பணமும் கோடவுன் பித்தளையும்: ஒரே புகாரா, இரண்டா?

வாசகர் கேள்வி

மண்ணடியில் பைப், வால்வு, குழாய் சாமான் மொத்தக் கடை வைத்திருக்கிறோம். கோடவுன் கொருக்குப்பேட்டையில். ஆறு வருஷமாக எங்களிடம் வசூலுக்குப் போகும் பையன், திருவொற்றியூர், எண்ணூர், மணலி, செங்குன்றம் லைனில் வாங்கிய பணத்தில் 4,62,000 ரூபாயைக் கடையில் கட்டவில்லை. 2024 மார்ச்சில் தொடங்கி 2025 ஆகஸ்ட் வரை நடந்திருக்கிறது. பாதிக்கு மேல் ரொக்கம். மீதி அவனுடைய சொந்த ஜிபே நம்பருக்கே போயிருக்கிறது. இதைத் தோண்டும்போதுதான் கோடவுனில் பித்தளை பால் வால்வும் பிப் காக்கும் குறைவது தெரிந்தது. லோடுமேன் ஒருவரும் இவனும் சேர்ந்து, வியாசர்பாடி பக்கம் ஒரு காயலான் கடையில் எடைக்குப் போட்டிருக்கிறார்கள். ஒரு சனிக்கிழமை ராத்திரி இரண்டு பேரையும் கடையில் உட்கார வைத்து, "பணத்தைக் கட்டிடு, போலீஸுக்குப் போகமாட்டோம்" என்று சொல்லி எழுதி வாங்கினோம். வசூல் பையனின் இரண்டு வெற்று செக், பைக், ஆதார் கார்டு எங்களிடம் இருக்கிறது. இதுவரை ஒரு பைசா வரவில்லை. ஸ்டேஷனில் "இது சிவில் மேட்டர், கோர்ட்டுக்குப் போங்க" என்கிறார்கள். இது திருட்டா, மோசடியா? கைது செய்வார்களா? கடைக்காரர்களிடம் மறுபடி பணம் கேட்கலாமா? காயலான் கடையில் இருக்கும் சரக்கை நாங்களே காசு கொடுத்து மீட்கலாமா? செக்கை பேங்கில் போடலாமா?

— மண்ணடி வியாபாரி ஒருவர்

வழக்கறிஞர் பதில்

கடைசிக் கேள்வியில் இருந்து தொடங்குகிறேன், ஐயா. அதுதான் அவசரம். செக்கை பேங்கில் போடாதீர்கள். பைக்கையும் ஆதாரையும் இன்றைக்கே திருப்பிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக ஒரு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

பணம் வரவேண்டும் என்பதற்காக, தர வேண்டியவரின் பொருளை அவர் மனம் ஒப்பாமல் எடுத்து வைத்துக்கொள்வதும் சட்டப்படி திருட்டுதான். பாக்கி உண்மையாக இருப்பது அதை மாற்றாது. "அவனே சாவியைக் கொடுத்தான்" என்று சொல்வீர்கள். ராத்திரி ஷட்டர் இறங்கிய கடைக்குள், நாலு பேர் நடுவில் கொடுத்த சாவியை எந்த நீதிமன்றமும் சம்மதமாக எடுத்துக்கொள்ளாது. போக விடாமல் உட்கார வைத்தது பாரதிய நியாய சன்ஹிதாவின் (இப்போதைய தண்டனைச் சட்டம்) 127வது பிரிவில் சட்டவிரோத அடைப்பு. பயமுறுத்திக் கையெழுத்துப் போட்ட செக் வாங்கியதாக அவர் சொன்னால், அது 308வது பிரிவில் மிரட்டிப் பறித்தல், 7 ஆண்டு வரை தண்டனை. உங்கள் வசூல்காரர் ஒரு வழக்கறிஞரைப் பார்த்துவிட்டார் என்றால், உங்களுக்கு முன்னால் அவர் புகார் கொடுத்துவிடுவார். அப்போது உங்கள் புகார் "பதில் புகார்" ஆகிவிடும். வியாபாரிகள் இந்த வகை வழக்கில் வழுக்கி விழும் இடம் பெரும்பாலும் இதுதான்.

சங்கத்து வாட்ஸ்அப் குரூப்பில் அவர் போட்டோவைப் போட்டிருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். அவதூறுக்கு 356வது பிரிவு இருக்கிறது. "இன்னாருக்கு இனி எங்கள் சார்பில் பணம் வாங்க அதிகாரம் இல்லை" என்று மட்டும் லைனில் உள்ள எல்லாக் கடைகளுக்கும் கடிதமாகவும் மெசேஜாகவும் அனுப்புங்கள். அது அவசியமும்கூட.

எழுதி வாங்கிய தாள்

நீங்கள் பெரிதாக நம்புவது அந்தத் தாளை. தனி நபரிடம் கொடுத்த ஒப்புதல் சாட்சியமாக நிற்கக்கூடியதுதான். ஆனால் பாரதிய சாக்ஷிய அதிநியத்தின் (இப்போதைய சாட்சியச் சட்டம்) 22வது பிரிவு, மிரட்டலாலோ ஆசை காட்டுதலாலோ வாக்குறுதியாலோ, அதிகாரத்தில் இருப்பவர் வாங்கிய ஒப்புதல் குற்ற வழக்கில் செல்லாது என்கிறது. சம்பளம் கொடுக்கும் முதலாளி அங்கே அதிகாரத்தில் இருப்பவராகக் கருதப்பட இடமுண்டு. "பணத்தைக் கட்டிடு, போலீஸுக்குப் போகமாட்டோம்" என்று நீங்களே கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரி போதும், தாளை ஒதுக்கிவைக்க.

அதற்காகக் கிழித்துவிடாதீர்கள். சிவில் வழக்கில் பாக்கியை ஒப்புக்கொண்ட ஆவணமாக அதைக் காட்டிப் பார்க்கலாம். குற்ற வழக்கை அதன்மேல் கட்டாதீர்கள், அவ்வளவுதான். தாளே இல்லை என்று வைத்துக்கொண்டு வழக்கைத் தயார் செய்யுங்கள்.

பொருள் யார் கையில் இருந்தது?

திருட்டா மோசடியா என்பதற்கு நான் கேட்கும் எதிர்க்கேள்வி ஒன்றுதான்: நேர்மை கெட்ட அந்த நிமிஷத்தில் பொருள் சட்டப்படி யார் வசம் இருந்தது?

வசூல் பணம் அவர் கைக்கு நேர்வழியில்தான் வந்தது. நீங்கள்தான் ரசீது புத்தகத்தைக் கொடுத்து அனுப்பினீர்கள், கடைக்காரர் விரும்பித்தான் கொடுத்தார். வாங்கிய பிறகு உங்களிடம் சேர்க்காமல் தனதாக்கிக்கொண்டதுதான் குற்றம். இது நம்பிக்கை மோசடி. ஊழியர் செய்ததால் நியாய சன்ஹிதா 316(4), 7 ஆண்டு வரை சிறையும் அபராதமும். கோடவுன் பித்தளை கதை வேறு. பூட்டும் சரக்கும் உங்கள் வசம் இருக்க, உங்களுக்குத் தெரியாமல் அங்கிருந்து நகர்த்தினார்கள். அது திருட்டு. முதலாளி வசமுள்ள பொருளை ஊழியர் திருடினால் 306, அதற்கும் 7 ஆண்டு வரை.

இங்கே ஒரு முடிச்சு இருக்கிறது. உங்கள் லோடுமேன் மாதச் சம்பளக்காரரா, லோடுக்கு இவ்வளவு என்று வாங்குபவரா? கொருக்குப்பேட்டை, மூலக்கொத்தளம் பக்கம் பெரும்பாலும் இரண்டாவது வகை. அப்படியென்றால் அவர் உங்கள் ஊழியர் என்று நிரூபிப்பது கஷ்டம், 306 நிற்காமல் போகலாம். அதற்குப் பதில் 305(அ) இருக்கிறது. வீட்டில் மட்டும் அல்ல, பொருளைப் பாதுகாத்து வைக்கும் கட்டடத்தில் நடக்கும் திருட்டுக்கும் அதுதான். கோடவுன் அதற்குள் கச்சிதமாக அடங்கும். தண்டனை அதே 7 ஆண்டு வரை. இருவரும் சேர்ந்து செய்தது என்பதற்கு 3(5) பொது நோக்கம்.

கோடவுன் சாவியும் ஸ்டாக் ரிஜிஸ்தரும் யாரிடமாவது முழுப் பொறுப்பாக ஒப்படைத்திருந்தீர்களா என்பதையும் புகாரில் தெளிவாக எழுதுங்கள். காலையில் திறக்கச் சாவி கொடுத்து மாலையில் திருப்பி வாங்குவது ஒப்படைப்பு ஆகாது, சரக்கு உங்கள் வசம்தான். சரக்கை வரவு வைத்து, வெளியே கொடுத்து, கணக்குக் காட்டும் பொறுப்பு ஒருவருக்கு இருந்து அவரே எடுத்திருந்தால் அது திருட்டு ஆகாது, அதுவும் நம்பிக்கை மோசடி.

தண்டனை ஒன்றுதானே, எதற்கு இந்தப் பிரிப்பு என்று தோன்றலாம். நிரூபிக்க வேண்டியது மாறுகிறது. நம்பிக்கை மோசடியில், பணம் ஒப்படைக்கப்பட்டது, கணக்குக் காட்டவில்லை அல்லது பொய்க் கணக்குக் காட்டினார் என்பதை நிறுவிவிட்டால், நேர்மையற்ற எண்ணத்தை நீதிமன்றம் ஊகித்துக்கொள்ளலாம். சாயமேற்றக் கொடுத்த துணியைத் திருப்பித் தராத ஜெய்கிருஷ்ணதாஸ் தேசாய் வழக்கில் 1960லேயே உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது. அந்தப் பணத்தை எங்கே செலவழித்தார் என்று நீங்கள் காட்டத் தேவையில்லை. திருட்டில் இந்த வசதி கிடையாது. ஸ்டாக் குறைகிறது என்பது மட்டும் யாரையும் குற்றவாளி ஆக்காது. யார் எடுத்தார், எப்போது நகர்ந்தது, எங்கே போனது என்று சங்கிலி வேண்டும்.

"ஏமாற்றிவிட்டார்" என்று 318ஐயும் சேர்த்துப் போடச் சொல்லி சிலர் ஆலோசனை சொல்வார்கள். வேண்டாம். ஏமாற்றுதலுக்கு ஆரம்பத்திலேயே கெட்ட எண்ணம் இருந்திருக்க வேண்டும். ஒப்படைத்த பிறகு எண்ணம் கெடுவதுதான் நம்பிக்கை மோசடி. ஒரே பணத்துக்கு இரண்டும் ஒன்றாக நிற்காது என்று 2024 ஆகஸ்டில் டெல்லி ரேஸ் கிளப் வழக்கில் உச்ச நீதிமன்றம் கறாராகச் சொன்னது. எல்லாப் பிரிவையும் அள்ளிப் போட்ட புகாரைப் பார்த்துத்தான் ஸ்டேஷனில் "சிவில் மேட்டர்" என்ற பதில் சுலபமாக வருகிறது. ஒரு விதிவிலக்கு: "இது ஓனர் நம்பர்தான்" என்று பொய் சொல்லித் தன் ஜிபேக்கு வாங்கியிருந்தால், அங்கே ஏமாந்தது கடைக்காரர். அதை அவர் வாயால்தான் சொல்ல வேண்டும்.

2024 ஜூலை 1

உங்கள் விவகாரம் இரண்டு சட்டங்களில் கால் வைத்திருக்கிறது. நியாய சன்ஹிதா 2024 ஜூலை 1 முதல்தான் அமலில் உள்ளது. மார்ச்சில் இருந்து ஜூன் 30 வரை கையாடிய பணத்துக்குப் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 408வது பிரிவு, அதன் பிறகு 316(4). ஒரே எஃப்.ஐ.ஆரில் இரண்டையும் போடலாம்.

இன்னொரு கோடும் உண்டு. கையாடல் வழக்கில் ஒவ்வொரு ரசீதுக்கும் தனிக் குற்றச்சாட்டு தேவையில்லை. மொத்தத் தொகையையும் எந்தத் தேதியில் இருந்து எந்தத் தேதி வரை என்பதையும் சொன்னால் போதும் என்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் (இப்போதைய குற்ற நடைமுறைச் சட்டம்) 235(2) அனுமதிக்கிறது. ஆனால் அந்த இடைவெளி ஒரு வருஷத்தைத் தாண்டக் கூடாது. உங்களுடையது 18 மாதம். ஆகவே கணக்கை மூன்று தாளாகப் பிரியுங்கள்: 2024 மார்ச் முதல் ஜூன் 30 வரை ஒன்று, 2024 ஜூலை 1 முதல் 2025 ஜூன் 30 வரை ஒன்று, 2025 ஜூலையும் ஆகஸ்டும் ஒன்று. "மொத்தம் 4,62,000" என்று ஒரே வரியில் எழுதிக் கொடுத்தால், குற்றச்சாட்டு வனையும் கட்டத்தில் எதிர்த்தரப்பு அதைத்தான் முதலில் பிடிக்கும்.

அட்டவணை எப்படி இருக்க வேண்டும்

புகாரின் உயிர் இதில்தான். ஆறு கட்டம் போடுங்கள்: ரசீது எண், கடையின் பெயர், ரசீதுத் தேதி, ரசீதில் உள்ள தொகை, உங்கள் கேஷ் புக்கில் வரவு வைத்த தேதி, வரவு வைத்த தொகை.

மூன்றாவது கட்டத்துக்கும் ஐந்தாவதுக்கும் உள்ள நாள் இடைவெளியைக் கவனித்துப் பாருங்கள். பல மாதம் நடக்கும் கையாடலில் பணம் ஒரேயடியாகக் காணாமல் போவதில்லை. திருவொற்றியூர் கடைப் பணத்தைச் செலவழித்துவிட்டு, அடுத்த வாரம் மணலி கடைப் பணத்தை எடுத்துத் திருவொற்றியூர் பேரில் கட்டுவார்கள். மணலியை மூட எண்ணூர். ஆரம்பத்தில் இடைவெளி இரண்டு மூன்று நாளாக இருக்கும், பிறகு பத்து, இருபது என்று நீளும். ஒரு கட்டத்தில் உருட்ட முடியாமல் நின்றுவிடும். அந்த நீளும் இடைவெளி ஒரு மறதியோ கணக்குப் பிழையோ அல்ல என்பதைத் தானே சொல்லும். "கொஞ்ச நாள் கைமாற்றாக எடுத்தேன், திருப்பிக் கட்டத்தான் இருந்தேன்" என்பது அவருடைய எதிர்வாதமாக வரும். தற்காலிகமாகத் தனதாக்கிக்கொள்வதும் கையாடல்தான் என்று 314வது பிரிவின் விளக்கமே சொல்வதால் அது எடுபடாது.

ரசீது புத்தகத்துக்கு வருவோம். கார்பன் வைத்து எழுதும் புத்தகம்தானே? கடைக்காரரிடம் உள்ள அசலில் 18,500 இருந்து, உங்கள் புத்தகத்து நகலில் 8,500 இருந்தால், நகலை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். கார்பன் பதிவு மங்கலாகவும் ஒரே சீராகவும் இருக்கும். தனியாக எழுதிச் சேர்த்திருந்தால் தேதி ஒரு அழுத்தத்திலும் தொகை வேறு அழுத்தத்திலும் தெரியும், சில சமயம் பேனா மையே தெரியும். அப்படி ஒன்றிரண்டு கிடைத்தாலும் 344வது பிரிவு, பொய்க் கணக்கு எழுதுதல், சேரும். அந்தப் பக்கங்களை ஸ்டேப்ளர் அடிக்காதீர்கள், மேலே பேனாவால் வட்டம் போடாதீர்கள், லேமினேஷன் வேண்டவே வேண்டாம். முழுப் புத்தகத்தையும் அப்படியே ஒரு கவரில் போட்டு வையுங்கள். தடய அறிவியல் துறைக்கு அது போக வேண்டிவரும்.

கடைக்காரர்களிடம் இருந்து அசல் ரசீதின் போட்டோவும், "இன்ன தேதியில் இவ்வளவு கொடுத்தோம்" என்று அவர்கள் லெட்ஜரில் இருந்து ஒரு கணக்குச் சீட்டும் வாங்குங்கள். ஜிபேயில் அனுப்பியவர்களிடம் ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது, 12 இலக்க யு.பி.ஐ. பரிவர்த்தனை எண் தெரிய வேண்டும். அந்த எண்ணை வைத்துத்தான் போலீஸ் வங்கியில் கேட்கும். எல்லாக் கடைக்காரரும் சாட்சிக்கு வரமாட்டார்கள். செங்குன்றத்தில் இருந்து கோர்ட்டுக்கு அலைய யாருக்கு நேரம்? வருவேன் என்று சொல்லும் ஏழெட்டுப் பேரின் தொகை உறுதியாக இருந்தால் வழக்கு நிற்கும்.

அவர் உங்கள் ஊழியர், வசூலிக்க அதிகாரம் பெற்றவர் என்பதற்கும் காகிதம் வேண்டும். ஆர்டர் கொடுத்து ஆள் எடுக்கும் வழக்கம் மண்ணடியில் குறைவு, தெரியும். சம்பளம் போட்ட பேங்க் ஸ்டேட்மென்ட், பி.எஃப்., இ.எஸ்.ஐ. பதிவு, "இன்னிக்கு எண்ணூர் லைன் போயிட்டு வா" என்று அனுப்பிய வாட்ஸ்அப், அவர் கையெழுத்திட்ட வசூல் ஷீட், இவற்றில் எது இருந்தாலும் சேருங்கள்.

டாலி கணக்கு மென்பொருளில் இப்போது எந்தப் பதிவையும் திருத்தாதீர்கள். "கணக்கைச் சரி செய்கிறேன்" என்று ஆடிட்டர் ஆபீஸ் பையன் பழைய தேதியில் ஒரு என்ட்ரி போட்டால்கூட, எல்லாமே பிறகு ஜோடித்தது என்று வாதிட வழி பிறக்கும். பேக்அப் எடுத்துத் தனி டிரைவில் வையுங்கள். கோடவுன் சி.சி.டி.வி. பதிவு சாதாரணமாக சில வாரங்களில் தானே அழிந்து புதியது ஏறும். இன்னும் எடுக்கவில்லை என்றால் இந்த மாலையே டி.வி.ஆரின் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டு வேறு போடுங்கள். மின்னணுப் பதிவு எதைக் கொடுத்தாலும் சாக்ஷிய அதிநியம் 63(4)ன்படி சான்றிதழ் கூட வேண்டும். அதில் இரண்டு பகுதி: முதல் பகுதியில் கருவியை வைத்திருக்கும் நீங்கள் கையெழுத்திடுவீர்கள், இரண்டாவதில் நிபுணர். ஃபைலின் ஹேஷ் மதிப்பும் (ஃபைல் மாறவில்லை என்று காட்டும் அடையாள எண்) அதில் இடம்பெறும். நகல் எடுக்கும் அன்றே ஹேஷ் எடுத்து வைத்தால் பின்னால் தலைவலி இல்லை.

காயலான் கடைக்குப் போகாதீர்கள்

சரக்கை நீங்களே காசு கொடுத்து மீட்டால், வழக்கின் முக்கியமான தடயத்தை நீங்களே கலைத்துவிடுகிறீர்கள். திருடியவர் காட்டிய இடத்தில், போலீஸ் மகஜர் (சாட்சிகள் முன்னிலையில் எழுதும் பறிமுதல் குறிப்பு) போட்டு எடுத்தால்தான் அது சாட்சியம். காவலில் இருப்பவர் சொன்னதில் பொருள் கிடைக்க வழிகாட்டிய பகுதி மட்டும் சாக்ஷிய அதிநியம் 23ல் ஏற்கப்படும். உங்கள் ஆளே போய் மூட்டையைத் தூக்கி வந்த பிறகு, கிடைப்பதற்கு அங்கே ஒன்றும் இருக்காது.

காயலான் கடைக்காரர் மீது 317(2), திருட்டுப் பொருள் வாங்கியது. திருட்டு என்று தெரிந்தோ, நம்பக் காரணம் இருந்தோ வாங்கியிருக்க வேண்டும். பழைய குழாய் என்றால் அவர் தப்பிக்கலாம். நூல் சுற்றாத, மரை தேயாத, பெட்டி லேபிளோடு வந்த புது பால் வால்வைப் பித்தளைக் கழிவு விலைக்கு எடை போட்டு எடுத்தவர் "தெரியாது" என்று சொல்வது எடுபடுவது கடினம். அதனால்தான் பெட்டி முக்கியம். வால்வில் கம்பெனி முத்திரையும் அளவும் வார்த்திருக்கும், ஆனால் அது ஊரில் உள்ள எல்லாக் கடை வால்விலும் இருக்கும். உங்களுடையதுதான் என்று சொல்ல பேட்ச் எண், கொள்முதல் பில், இ-வே பில், ஸ்டாக் ரிஜிஸ்தர் நாலும் பொருந்த வேண்டும். கோடவுனில் இன்று ஒரு கை ஸ்டாக் எடுங்கள். உங்கள் ஆள் அல்லாத இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போடட்டும்.

பில் இல்லாமல் வாங்கிய சரக்கு காணாமல் போனதாகப் புகார் கொடுக்க நினைத்தால், ஆடிட்டரைக் கேட்டுவிட்டு எழுதுங்கள். புகாரில் உள்ள ஒவ்வொரு எண்ணும் உங்கள் கணக்கோடு ஒப்பிடப்படும். பித்தளைக் கழிவு வார்ப்படப் பட்டறைக்குப் போய்விட்டால் திரும்பாது என்பதால், இந்தப் பகுதியில் ஒவ்வொரு நாளும் நஷ்டம்.

மீட்ட சரக்கு வழக்கு முடியும் வரை ஸ்டேஷனில் கிடக்க வேண்டியதில்லை. சுரக்ஷா சன்ஹிதா 497ன்படி, பொருள் நீதிமன்றத்தில் ஆஜரானால் 14 நாளில் விவரப் பட்டியல் போட்டு, போட்டோவோ வீடியோவோ எடுத்து, 30 நாளில் ஒப்படைப்பு உத்தரவு போட வேண்டும். நீங்கள் மனுப் போட வேண்டும், தானாக நடக்காது.

எந்த ஸ்டேஷன், எந்த வழி

எண்ணூரில் வாங்கிய பணத்துக்கு அங்கே போ, செங்குன்றத்துக்கு ஆவடி ஆணையரகம் போ என்று அலைய விட்டால் ஒப்புக்கொள்ளாதீர்கள். நம்பிக்கை மோசடியில், பணத்துக்குக் கணக்கு ஒப்படைக்க வேண்டிய இடத்திலும் வழக்கு நடத்தலாம் என்று சுரக்ஷா சன்ஹிதா 201(4) சொல்கிறது. கணக்கு ஒப்படைக்க வேண்டியது மண்ணடிக் கடையில். ஆக உங்கள் கடை எல்லை ஸ்டேஷனே போதும். கோடவுன் திருட்டுக்கு கொருக்குப்பேட்டை எல்லை. எனவே உங்கள் தலைப்புக் கேள்விக்கு: இரண்டு புகார். ஒன்றில் மற்றொன்றைக் குறிப்பிட்டால் போதும். இரண்டிலும் சட்டம் ஒழுங்கு ஆய்வாளரைப் பார்க்காமல் குற்றப்பிரிவு ஆய்வாளரைப் பாருங்கள்.

புகார் இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம், மீதி இணைப்பு. யார் நீங்கள், அவர் எப்போதிருந்து என்ன வேலை, எந்த நாளுக்குள் பணம் கட்ட வேண்டும், எப்படித் தெரியவந்தது, அட்டவணை, சாட்சிகள், என்ன கேட்கிறீர்கள். சனிக்கிழமை ராத்திரி நடந்ததையும் மறைக்காமல், நிறம் ஏற்றாமல் ஒரு பத்தியில் எழுதுங்கள், பைக்கைத் திருப்பிக் கொடுத்ததையும் சேர்த்து. "ஊழியர்" என்ற விவரம் முதல் வரியிலேயே வரட்டும். காரணம் உண்டு: 3 ஆண்டு முதல் 7 ஆண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றங்களில் துணைக் கண்காணிப்பாளர் நிலை அதிகாரியின் அனுமதியோடு 14 நாள் பூர்வாங்க விசாரணை நடத்த சுரக்ஷா சன்ஹிதா 173(3) இடம் தருகிறது. சாதாரண நம்பிக்கை மோசடியான 316(2)க்கு உச்சம் 5 ஆண்டு, அது இதற்குள் வரும். ஊழியர் செய்த 316(4)க்கு உச்சம் 7, வராது. திருட்டிலும் அதேதான். 5,000 ரூபாய்க்குக் குறைந்த திருட்டில் நடுவர் உத்தரவு இல்லாமல் போலீஸ் புலனாய்வு செய்ய முடியாது என்பது 303(2)க்கு மட்டும். ஒவ்வொரு முறையும் நாலு வால்வுதான் போனது என்றாலும் 305, 306க்கு அந்த வரம்பு கிடையாது.

மனு ரசீதாவது வாங்காமல் வராதீர்கள். பதிவு செய்ய மறுத்தால் 173(4)ன்படி துணை ஆணையருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி, ஒப்புகை அட்டையை வைத்துக்கொள்ளுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் நடுவர் நீதிமன்றத்தில் 175(3)ல் மனு. கூடவே பிரமாணப் பத்திரமும் அந்தத் தபால் ரசீதும் இருக்க வேண்டும். நடுப்படியைத் தாண்டி நேராகக் கோர்ட்டுக்குப் போனவர்களின் மனு திரும்பி வருவது அன்றாடம் நடப்பது.

கைதை எதிர்பார்த்துக் காத்திருக்காதீர்கள். 7 ஆண்டு வரை தண்டனையுள்ள குற்றத்தில் முதலில் சுரக்ஷா சன்ஹிதா 35(3) நோட்டீஸ் கொடுத்து விசாரிப்பதுதான் முறை. 2014ல் உச்ச நீதிமன்றத்தின் அர்னேஷ் குமார் தீர்ப்பு வந்ததில் இருந்து இதில் போலீஸ் கவனமாகவே இருக்கிறது. நோட்டீஸ் கொடுத்துவிட்டு வீட்டுக்கு அனுப்பினால் "காசு வாங்கிட்டாங்க" என்று முடிவு கட்ட வேண்டாம்.

பணம்

கடைக்காரர்களிடம் மறுபடி கேட்க முடியுமா? உங்கள் ரசீது புத்தகத்தில் ரசீது வாங்கிய கடைக்காரர் உங்களுக்கே பணம் கொடுத்தவர் ஆகிறார். அவர் பாக்கி தீர்ந்தது. ரசீதே இல்லாமல் தனிப்பட்ட ஜிபேக்கு அனுப்பியவர் விஷயத்தில் மட்டும் வாதத்துக்கு இடமுண்டு, அதுவும் முன்பு அதே எண்ணுக்கு அனுப்பி நீங்கள் வரவு வைத்திருந்தால் கிடையாது. சாட்சிக்கு வேண்டியவர்களோடு இந்த நேரத்தில் சண்டை போடுவது புத்தியா என்பதையும் யோசியுங்கள்.

பணம் உண்மையில் திரும்பும் வழி பெரும்பாலும் சமரசம்தான், அதுவும் எஃப்.ஐ.ஆர். போட்ட பிறகு. 316(4), 306 இரண்டையும் நீதிமன்ற அனுமதியோடு சுரக்ஷா சன்ஹிதா 359ன் கீழ் ராஜி செய்யலாம். 305ம் 344ம் அந்தப் பட்டியலில் இல்லை, அவற்றுக்கு உயர் நீதிமன்றத்தில் அதே சட்டத்தின் 528ல் ரத்து கேட்க வேண்டியிருக்கும். பொய்க் கணக்குப் பிரிவைச் சேர்க்கச் சொல்லுமுன் இதை மனதில் வையுங்கள். தவணை பேசினால் தேதியும் தொகையும் எழுதி, அவர் தரப்பு வழக்கறிஞர் முன்னிலையில், பேங்க் வழியாக மட்டும் வாங்குங்கள். அந்த இரண்டு வெற்று செக்கையும் அப்போது திருப்பிக் கொடுத்துவிட்டு, தொகையும் தேதியும் எழுதிய செக்குகளை முறையாக வாங்கினால், அவை திரும்பினால் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138வது பிரிவு உங்களுக்குத் துணை நிற்கும்: செக் தேதியில் இருந்து 3 மாதத்துக்குள் போட வேண்டும், திரும்பியதாக பேங்க் சொன்ன 30 நாளுக்குள் நோட்டீஸ், அவருக்கு 15 நாள் அவகாசம், பிறகு ஒரு மாதத்துக்குள் வழக்கு.

சமரசம் ஆகவில்லை என்றால் சிட்டி சிவில் கோர்ட்டில் பண வசூல் வழக்கு. குற்ற வழக்கு நடப்பதால் அது நிற்காது. காலவரையறை 3 ஆண்டு. மோசடி தெரிந்த நாளில் இருந்து கணக்கிடலாம் என்ற சலுகை இருந்தாலும் அதை நம்பாதீர்கள். முதல் கையாடல் 2024 மார்ச் என்பதால் 2027 மார்ச்சுக்குள் போட்டுவிடுங்கள். கடைசி மாதச் சம்பளத்தில் பிடித்துக்கொள்ள நினைத்தால், விளக்கம் கேட்டு நோட்டீஸ் கொடுக்காமல் பிடிக்கக் கூடாது.

ஆடிட்டரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். திருட்டுப் போன சரக்குக்கு எடுத்த உள்ளீட்டு வரி வரவை, ஜி.எஸ்.டி. சட்டம் 17(5)(எச்)ன்படி திருப்பிக் கட்ட வேண்டும், விட்டுவிட்டால் பின்னால் வட்டியோடு வரும். மறுபக்கம், ஊழியர் கையாடிய பணம் வருமான வரியில் வியாபார நஷ்டமாகக் கழியும். 1958ல் பத்ரிதாஸ் டாகா வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது அது, கண்டுபிடித்த ஆண்டில் கழிக்கலாம். கடை இன்சூரன்ஸில் கொள்ளைப் பாதுகாப்பு மட்டும் இருந்தால் ஊழியர் கைவரிசைக்குப் பெரும்பாலும் பணம் வராது, அதற்கு ஊழியர் நேர்மைக் காப்பீடு தனியாக இருக்க வேண்டும். இருந்தால் பாலிசியில் சொன்ன கெடுவுக்குள் எழுத்தில் தெரிவியுங்கள். எஃப்.ஐ.ஆர். நகல் வரட்டும் என்று காத்திருந்து கெடுவைத் தவற விடாதீர்கள். நகல் புகார்தாரருக்கு இலவசம்.